மூன்று வருடத்து மண்

கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பழைய வெற்றி வளைவின் கீழே போய் நின்றால், எங்கள் ஜார்ஜியாப் பெண்களில் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். வாரத்தில் ஆறு நாள் யாரோ ஒருவருடைய தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு அங்கே வந்துவிடுவோம். ஊர்க்கதை பேசுவோம், பிள்ளைகளின் படத்தைப் போனில் காட்டுவோம், கொஞ்சம் அழுவோம், எள் தூவிய வளைய ரொட்டி வாங்கித் தின்போம். அந்த வளைவில் செதுக்கியிருக்கும் ராஜா யார், யாரோடு சண்டை போட்டான் என்றெல்லாம் எங்களில் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. லமாரா ஒருத்தியைத் தவிர.

லமாரா எங்கள் நாட்டு ஜெஸ்டபோனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். புருஷன் செத்த பிறகு, வாங்கிய சம்பளம் ரொட்டிக்கே போதாமல், நாற்பத்தெட்டு வயதில் இங்கே வந்து ஒரு பழைய கப்பல் கேப்டனைப் பார்த்துக்கொண்டாள். கையில் ஒழுங்கான காகிதம் கிடையாது. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. அதனால் ஏழு வருடம் போகவேயில்லை. மகள் கதூனாவைப் போனிலேயே வளர்த்து ஆளாக்கினாள்.

அவளுக்குத் துணையாகச் சேர்ந்துகொண்டவள் மக்வாலா. லமாராவைவிட நாலு வயது இளையவள். எங்கள் நாட்டுக் குரியா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவள். படிப்பில் பெரிதாக நாட்டம் இல்லை, ஆனால் கோயில் என்றால் உயிர். லமாரா சுவரைப் பார்ப்பாள், மக்வாலா சுவரில் இருக்கும் புனிதரைப் பார்ப்பாள். அப்படியே இருவரும் ஞாயிறு தோறும் ஊரைச் சுற்றினார்கள். கோட்டைச் சுவர், பழைய குளியல் மண்டபம், மசூதி, எட்டுத் திசையிலும் இருக்கும் செங்கல் கோயில்கள் என்று ஒன்றையும் விடவில்லை.

வளைவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வட்டக் கட்டடம் நிற்கிறது. மலைபோலச் சுவர். அப்போது உள்ளே முழுக்கச் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தது. கம்பிகளுக்கு நடுவே கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தாள் லமாரா.

"இது முதல்ல அந்த வளைவு ராஜா தனக்குன்னு கட்டின கல்லறைன்னு சொல்றாங்க, மக்வாலா. அப்புறம் கோயில் ஆச்சு. அப்புறம் மசூதி. மறுபடியும் கோயில்."

"அப்ப ராஜா உள்ளதான் இருக்காரா அக்கா?"

"இல்லடி. எங்கயோ போய்ச் செத்தாரு, அங்கயே பொதைச்சுட்டாங்க."

"அடப் பாவமே! இவ்ளோ பெரிய வீட்டைக் கட்டிட்டு ஒரு நாள்கூடப் படுக்கலையா? நம்ம மாதிரி நாலு பேருக்கு வாடகைக்காவது விட்டிருக்கலாம்."

லமாரா சிரித்த சிரிப்பில், மேலே வேலை செய்துகொண்டிருந்தவன் குனிந்து பார்த்து உதட்டில் விரல் வைத்தான்.

"சாரம் பிரிக்கிற அன்னைக்கு மொத ஆளா வரணும். மேல முழுக்கத் தங்கமாம்" என்றாள் லமாரா.

இன்னொரு நாள் பல்கலைக்கழகத்து வாசலில் நின்று, "இதுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா?" என்று கேட்டாள். மக்வாலாவுக்கு என்ன தெரியும்? "இந்த ஊர் யூதர்களோட இடுகாடு. ஐந்நூறு வருஷமாப் பொதைச்ச இடம். சண்டைக் காலத்துல அத்தனை கல்லையும் பிடுங்கிச் சுவருக்கும் தரைக்கும் போட்டுட்டாங்க. ஆளுங்களை ரயில்ல ஏத்திச் சாக அனுப்பிட்டாங்க." அன்றைக்கே ஒரு முற்றத்தில், படியாகக் கிடந்த சலவைக்கல்லின் ஓரத்தில் தெரியாத எழுத்து இருப்பதைக் காட்டினாள். மக்வாலா சிலுவை போட்டுக்கொண்டு அந்தப் படியைத் தாண்டி இறங்கினாள். செத்தவரைத் தொந்தரவு செய்வதைவிடப் பெரிய பாவம் ஒன்று இருப்பதாக அவள் அறிந்ததில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். கல்லறை என்றால் அது அந்தக் குடும்பத்தின் நிலம். வேலி போடுவோம், பெஞ்சு போடுவோம், ஈஸ்டருக்குச் சிவப்பு முட்டையை அதன்மேல் உருட்டுவோம், ஒயின் ஊற்றுவோம். உலகம் முடிந்து கர்த்தர் வந்து எழுப்பும்வரை அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஒரு மே மாதம், கேப்டன் வீட்டு மாடிப்படியில் லமாரா உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாள். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தாள். பேச்சில்லை. மக்வாலா பக்கத்திலேயே இருந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வேதத்துச் சங்கீதம் சொன்னாள். கதூனாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விசா கிடைக்காது, வர முடியாது. உடலை அனுப்பவும் வழி ஏற்படவில்லை. இந்த ஊர்ப் பொது இடுகாட்டிலேயே புதைத்தார்கள்.

போனில் கதூனா, "சித்தி, எங்கம்மா தனியா கெடக்குறாங்களே" என்று கதறினாள்.

"தனியா இல்லடி கண்ணு. நான் இருக்கேன்ல. உங்கம்மாவ நான் பாத்துக்கறேன்."

அந்தச் சொல்லை மக்வாலா காப்பாற்றினாள். ஞாயிறு தோறும் ஊர் சுற்றிய கால் இடுகாட்டுக்குப் போனது. மரச்சிலுவையைத் துடைத்தாள், விளக்கேற்றினாள், ரோஜா நட்டாள். பார்த்த கட்டடங்களையெல்லாம் அவளுக்கே திரும்பச் சொன்னாள். "அக்கா, சாரத்தைப் பிரிச்சுட்டாங்க. நான் இன்னும் உள்ள போகல. நீங்க இல்லாம எப்படிப் போறது?"

மக்வாலா பார்த்துக்கொண்ட கிழவியின் பெயர் எஃப்தாலியா. எண்பத்தாறு வயது, வாய் மட்டும் இருபது வயது. ஒரு நாள் அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மக்வாலா அதே இடுகாட்டுக்குப் போனாள். அங்கே அலமாரி அலமாரியாகத் தகரப் பெட்டிகள் அடுக்கிய ஒரு மண்டபம். ஒரு பெட்டியில் எஃப்தாலியாவின் புருஷன் படம் ஒட்டியிருந்தது.

"தொடைச்சு விடு. தூசி புடிச்சுப் போச்சு மனுஷனுக்கு."

"பெட்டியில என்னம்மா இருக்கு?"

"அவருதான். எலும்பு. மூணு வருஷம் மண்ணுல வைப்போம், அப்புறம் எடுத்து ஒயின்ல கழுவிப் பெட்டியில போட்டுடுவோம். தேன் நெறமா இருந்துச்சு, நல்ல ஆத்மான்னு பாதிரியார் சொன்னாரு. வீட்டுல இருந்தப்ப யாருக்குத் தெரிஞ்சுது?"

மக்வாலாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்னடி முழிக்கிற? கீழ புனித திமேத்ரியோ கோயில்ல போய் எலும்புப் பெட்டிக்கு முத்தம் குடுக்குறல்ல? இத்தாலியில இருந்து அந்த எலும்பு திரும்பி வந்தப்ப ஊரே தெருவுல நின்னுச்சு. நானும் நின்னேன். புனிதர் எலும்புன்னா முத்தம், என் புருஷன் எலும்புன்னா பயமா?"

"எல்லாரையும் எடுத்துடுவாங்களாம்மா?"

"நான் கையெழுத்துப் போட்டேன், எடுத்தாங்க. எம் முன்னாடிதான் எடுத்தாங்க."

இந்த ஒரு சொல் மக்வாலாவின் மனத்தில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டதால் எடுத்தார்கள். அப்படியென்றால் கையெழுத்துப் போடாவிட்டால் எடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சொந்தக்காரன் சம்மதம் இல்லாமல் கல்லறையில் மண்வெட்டி வைப்பவன் எங்கே இருக்கிறான்?

மூன்றாம் வருடம் மார்ச் மாதத்தில் கேப்டன் வீட்டு முகவரிக்கு இடுகாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அதை மக்வாலாவிடம் கொடுத்தார்கள். எஃப்தாலியா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரிகளைப் படித்தாள். "மே மாசத்தோட மூணு வருஷம் முடியுதாம். சொந்தக்காரங்க வந்து கையெழுத்துப் போட்டு எலும்பை வாங்கிக்கணுமாம்." அதற்குமேல் பொடி எழுத்து. கிழவிக்குக் கண் வலித்தது. மடித்துக் கொடுத்துவிட்டாள். மக்வாலா அதை மாதாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அதே வாரம் கதூனா போன் செய்தாள். இப்போது விசா இல்லாமலே வரலாம் என்று ஆகியிருந்தது.

"சித்தி, அங்க மூணு வருஷம் ஆனா எலும்பை எடுத்துப் பெட்டியில குடுப்பாங்களாமே? எதுத்த வீட்டு நானா அக்கா சொன்னாங்க. நான் மே மாசம் வரட்டுமா? அம்மாவ எடுத்துட்டு வந்து அப்பா பக்கத்துல வெச்சுடறேன்."

மக்வாலா குரலை உயர்த்தினாள். "என்ன பேச்சு பேசுற நீ? பெத்த தாயோட எலும்பை நோண்டி எடுத்து, பஸ்ஸுல மடியில வெச்சுட்டுப் போவியா? ஞானஸ்நானம் வாங்கின புள்ளதான நீ?"

"இங்க கொண்டுவந்து மறுபடி பொதைக்கத்தான சித்தி..."

"வேணாம். சித்தி சொல்றேன் கேளு. எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடாத. நாம போடலைன்னா அவங்க தொட முடியாது. உங்கம்மா நிம்மதியாத் தூங்கட்டும்."

கதூனா, "சரி சித்தி. உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். "அப்ப ஆகஸ்டுல லீவு கெடைக்கும். கல்லறையவாவது வந்து பாத்துட்டுப் போறேன்."

அன்று மக்வாலா முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். தோழியை ஒரு பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

மே மாதக் கடைசியில் எஃப்தாலியா குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். ஏழு வாரம் மக்வாலாவுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை. ஜூலை நடுவில்தான் பூவும் எண்ணெய்யும் வாங்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போக முடிந்தது.

முதலில் வரிசை மாறி வந்துவிட்டோம் என்று நினைத்தாள். திரும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். அதே இடம்தான். அவள் நட்ட ரோஜாச் செடி இல்லை. ஈரமான புது மண். புதுச் சிலுவை. அதில் மீசை வைத்த ஒரு கிழவரின் படம்.

குழி வெட்டும் பாண்டெலிஸ் தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்தான். நல்ல மனுஷன். அவள் அகல்விளக்கு அணைந்தால் ஏற்றி வைப்பவன்.

"என்னம்மா, ரொம்ப நாளாக் காணோம்? உடம்பு சரியில்லையா?"

"அவங்க எங்க?"

அவனுக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றினான். "கடுதாசி போட்டாங்களேம்மா. மே முடிஞ்சதும் சிலுவையிலயும் ஒட்டினாங்க. ஒரு மாசம் பாத்தாங்க. யாரும் வரல."

"நாங்க கையெழுத்துப் போடலையே!"

"அதான்மா. போட்டிருந்தா பெட்டியில வெச்சுக் குடுத்திருப்பாங்க. போடலைன்னா பொதுக் குழிதான்."

மூலையில், சைப்ரஸ் மரங்களுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடியைக் காட்டினான். மக்வாலா அதன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"தெறந்து காட்டுப்பா. நான் தேடி எடுத்துக்கறேன்."

"கெணறு மாதிரிம்மா அது. எத்தனையோ வருஷமாப் போடறாங்க. இதுல யாரு எவருன்னு அந்தக் கடவுளே வந்தாத்தான் சொல்லணும்." பிறகு மெல்லச் சொன்னான். "நான் அன்னைக்குத் தேடினேன்மா உங்கள. போன் நம்பர் இருந்திருந்தா... எடுத்தப்ப நாந்தான் இருந்தேன். நல்ல நெறமா இருந்துச்சு. தேன் மாதிரி."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். மக்வாலா கையில் இருந்த பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்டு வரைக்கும் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கதூனா போன் செய்தால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். பொய் சொன்ன வாயோடு நற்கருணை வாங்க மனம் வராமல் கோயிலில் கடைசி வரிசையிலேயே நின்றாள்.

கதூனா இரண்டு நாள் பஸ்ஸில் உட்கார்ந்து, கால் வீங்கி வந்து இறங்கினாள். முகம் அப்படியே தாயின் முகம். தோளில் ஒரு பை. அதில் சித்திக்குத் திராட்சைச் சாற்றில் தோய்த்துக் கோத்த வால்நட் மாலை, ஒரு பாட்டில் வீட்டு ஒயின், துணியில் முடிந்த ஒரு கைப்பிடி மண்.

"அப்பா கல்லறை மண்ணு சித்தி. அம்மா மேல போடணும். இப்பவே போலாமா?"

"மொதல்ல ஏதாவது சாப்புடு" என்றாள் மக்வாலா. சாப்பிட்டதும், "உங்கம்மா சுத்தின எடத்தையெல்லாம் பாத்துட்டுப் போலாம். அவங்க ஆசைப்படுவாங்க" என்றாள்.

கூட்டிக்கொண்டு நடந்தாள். வளைவைக் காட்டினாள். தேய்ந்துபோன முகங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, இவன் ராஜா, இது யானை, இது பிடிபட்ட பெண்கள் என்றாள். கோட்டைச் சுவரைக் காட்டினாள். எழுத்துள்ள அந்தப் படியைக் காட்டி யூதர்களின் கதையைச் சொன்னாள். லமாராவின் சொற்கள் அப்படியே அவள் வாயில் வந்தன. கதூனா முதலில் ஆசையாகக் கேட்டாள். அம்மா தொட்ட கல் என்று தொட்டுப் பார்த்தாள். வெயில் ஏறியது. மூன்றாவது கோயிலில் தோளில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சித்தி, மண்ணு காயுது" என்றாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு கண்ணு."

வட்டக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். சாரம் இல்லை. மக்வாலாவும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். உயரத்தில், பொடிக்கல் பதித்த ஓவியத்தில், தங்க மாளிகைகளுக்கு முன்னால், புனிதர்கள் கைகளை விரித்து நின்றார்கள். நடுவில் வெறும் தரை. இவ்வளவு பெரிய கல்லறை, உள்ளே ஒருவரும் இல்லை. மக்வாலா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கதூனா, உங்கம்மா அங்க இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். மாதா படத்துக்குப் பின்னால் செருகிய கடிதத்தைச் சொன்னாள், மீசைக் கிழவரைச் சொன்னாள், இரும்பு மூடியைச் சொன்னாள். ஜூலையிலிருந்து சொன்ன பொய்யையும் சொன்னாள். கதூனா நின்றபடியே கேட்டாள். அழவில்லை.

"நான் கேட்டேனே சித்தி. மே மாசம் வரட்டுமான்னு கேட்டேனே."

"கேட்டடி."

"காலையில இருந்து ஒவ்வொரு கல்லாக் காட்டுறீங்க. இது யாரோடது, எப்ப வெச்சது, யாரு புடுங்கினதுன்னு ஆயிரம் வருஷத்துக் கதை சொல்றீங்க. எங்கம்மா ஒருத்தி எங்க இருக்காங்கன்னு மட்டும் உங்களால சொல்ல முடியல."

வாசலில் நின்ற காவல்காரி வந்து, இங்கே உட்காரக் கூடாது என்றாள்.

அங்கிருந்து இருவரும் இடுகாட்டுக்குப் போனார்கள். பாண்டெலிஸ் மூடியைத் திறக்க அனுமதி இல்லை என்று வருத்தப்பட்டான். கதூனா குந்தி உட்கார்ந்து, இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அப்பாவின் மண்ணைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பாதி உள்ளே போனது, பாதி மேலேயே நின்றது. நின்றதை விரலால் தள்ளினாள். பிறகு ஒயின் பாட்டிலைத் திறந்து மக்வாலாவிடம் நீட்டினாள்.

"நீங்க ஊத்துங்க."

"நான் எப்படிடி..."

"ஊத்துங்க. அஞ்சு நாள் அவங்க கையப் புடிச்சுட்டு இருந்தது நீங்கதான். அதை நான் மறக்கல." விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தாள். "இதை மன்னிக்க எனக்கு வரல சித்தி. வந்தா சொல்றேன்."

மக்வாலா ஊற்றினாள். ஒயின் இரும்பின் மேல் ஓடி, வெயிலில் சீக்கிரம் காய்ந்து கறையானது.

கதூனா நாலு நாள் இருப்பதாக வந்தவள், மறுநாள் பஸ்ஸிலேயே ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகக் கை காட்டினாளா, முடியை ஒதுக்கினாளா என்று மக்வாலாவுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு போன் வரவில்லை. வால்நட் மாலை அடுக்களை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தின்ன அவளுக்கு மனம் வரவில்லை.

எஃப்தாலியாவுக்கு விஷயம் தெரிந்தது. அன்று ஒரு கிண்டலும் பேசவில்லை. சூப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, "பொடி எழுத்தை நான் படிச்சிருக்கணும்" என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள்.

"விடுங்கம்மா. ஆறுது, குடிங்க."

"எம் மவன் கனடாவுல இருக்கான். அவனுக்கு என் பொறந்த நாளே நெனப்பு இருக்காது. எனக்கு மூணு வருஷம் முடியறப்ப நீ இருந்தா, நீ போய்க் கையெழுத்துப் போடுடி."

மக்வாலா கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கல்லறையைத் திறப்பது பாவம் என்று அவள் மனசு இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

"போடறேம்மா" என்றாள்.

அடுத்த ஞாயிறு, செத்தவர்களுக்குப் படைக்கும் வழக்கப்படி, கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்து கோயிலுக்கு எடுத்துப்போனாள். இறந்தவர்களின் பெயர் எழுதிய சீட்டைப் பாதிரியாரிடம் கொடுத்தாள். லமாரா என்று ஒரே பெயர்தான் இருந்தது.

"சாமி, அவங்ககூட இருக்கறவங்களையும் சேத்துப் படிக்கணும்."

"பேர் சொல்லும்மா."

"தெரியாதுங்க சாமி. நெறைய பேரு."

பாதிரியார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மக்வாலா கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.